412 பெயர்கள், வெள்ளவத்தையில் ஒரு பின்காணி: நினைவுச் சுவரை எங்கிருந்து தொடங்குவது?

வரைபலகை

வணக்கம். வடக்கிலுள்ள ஓர் ஊரின் கொழும்புச் சங்கத்துக்காக நினைவிடம் ஒன்று வரைகிறோம். போரில் இறந்த ஊரவர் பட்டியலில் இப்போதைக்கு 412 பெயர். அதில் 57 பேர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். இடம் வெள்ளவத்தையில், சங்க மண்டபத்துக்குப் பின்னாலுள்ள காணி. கிழக்கு மேற்காக 14 மீற்றர், வடக்குத் தெற்காக 9 மீற்றர். கடலில் இருந்து ஏறக்குறைய 400 மீற்றர்.

குழுவில் பாதிப்பேர் நடுவில் உயரமான தூண் கேட்கிறார்கள், மீதிப்பேர் கறுப்புக் கல்லில் பெயர்ச் சுவர். பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டுமாம். படமும் போட முடியுமா என்று கேட்கிறார்கள். கல் கடைக்காரர் 20 மி.மீ. கிரனைட்டைச் சீமெந்தில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார்.

எழுத்தளவு என்ன, உப்புக் காற்றுக்கு எந்தக் கல், பிறகு பெயர் சேர்க்க வந்தால் என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூலைமட்டம்

தூணா சுவரா என்ற சண்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நினைவிடத்தில் பாரம் என்பது பெயர்கள்தான். வீட்டுக்கு எத்தனை அறை என்று கேட்காமல் கூரை வரைவதில்லை. அதுபோல எத்தனை பெயர், எந்த எழுத்தில், எந்த வரிசையில், எத்தனை இன்னும் வரும் என்பது தெரியாமல் வடிவம் வரையக் கூடாது.

பெரியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் ரெஜினால்ட் புளொம்ஃபீல்ட் கட்டிய மெனின் வாயில் 1927-இல் திறக்கப்பட்டது. முதலாம் உலகப் போரில் உடல் கிடைக்காத வீரர்களில் 54,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர் அதில் இருக்கிறது. அவ்வளவு பெரிய வாயிலிலும் இடம் போதவில்லை. 1917 ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின் காணாமற்போன ஏறக்குறைய 35,000 பேரை டைன் கொட் மயானத்துச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. மாறாக, பிரான்சில் தியெப்வாலில் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் லட்யென்ஸ் செய்த நினைவிடத்தைப் பாருங்கள், 1932. தூரத்தில் பார்த்தால் வளைவுக்கு மேல் வளைவு அடுக்கிய கோபுரம் மாதிரி இருக்கும். கிட்டப் போனால் 16 கனத்த தூண்கள். வளைவுகள் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்வதால் ஒவ்வொரு தூணுக்கும் நாலு முகம் கிடைக்கிறது. 72,000-க்கு மேற்பட்ட பெயர்களுக்கான சுவர்ப்பரப்பு அப்படித்தான் கிடைத்தது.

அதே லட்யென்ஸின் தூண் ஒன்று உங்கள் காணியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில், விகாரமகாதேவி பூங்காவில் நிற்கிறது. அது முதலில் காலிமுகத்தில் இருந்தது, 1923-இல் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் குறிவைக்க அடையாளமாகிவிடும் என்று பயந்து கழற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். குழுவை அங்கே ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். தூண் தூரத்துப் பார்வைக்கானது, கடற்கரை வெளிக்கென்று வரைந்தது. பெயர் தேடுகிறவர் தூணுக்குப் பின்னாலுள்ள சுவருக்குத்தான் போக வேண்டும். உங்கள் 9 மீற்றர் காணியில் தூரத்துப் பார்வைக்கு இடமே கிடையாது. தூண் நட்டால் அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

இனிக் கணக்கு. ஆங்கிலப் பெரிய எழுத்து மேலும் கீழும் நீட்டாது, 13 மி.மீ. உயரத்திலும் வாசிக்கலாம். வாஷிங்டனில் மாயா லின் வடிவமைத்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில் எழுத்து அந்த அளவுதான். தமிழில் ‘கி’ ‘ணி’ மேலே ஏறும், ‘கு’ ‘மு’ ‘ழு’ கீழே இறங்கும். ‘கூ’வுக்குக் கீழ் ‘ணி’ வந்தால் இரண்டு வரியும் முட்டும். ஆகவே ‘ப’ எழுத்தின் உயரம் 20 மி.மீ., வரிக்கு வரி 45 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்று வாசிப்பவருக்கு வசதியான பட்டை தரையில் இருந்து 500 முதல் 1,850 மி.மீ. வரை. அதற்கு மேல் வயதானவர்கள் கழுத்தை நிமிர்த்த வேண்டும், கீழே என்றால் குந்த வேண்டும். 1,350 உயரத்தில் 30 வரி. ஒரு நிரலுக்கு 450 மி.மீ. அகலம். அகலத்தைச் சராசரிப் பெயரை வைத்து அளக்காதீர்கள், பட்டியலிலேயே நீளமான பெயரை எடுத்து அளவுங்கள். ‘ஞா. அந்தோணிப்பிள்ளை’ போன்ற ஒன்று கட்டாயம் இருக்கும்.

900 அகலம், 1,500 உயரம் உள்ள ஒரு பலகையில் இரண்டு நிரல், 60 பெயர். 412-க்கு 7 பலகை போதும்போல் தெரியும். 15 சதவீதம் கூடுதலாக வைத்தால் 474, அதாவது 8 பலகை. இடைவெளிகளோடு சுவர் 7.25 மீற்றர், உங்கள் 9 மீற்றரில் அழகாக உட்காரும். ஆங்கிலத்தையும் கல்லில் போட்டால் 14.5 மீற்றர் ஆகிறது, காணியின் நீளப் பக்கத்திலும் அடங்காது. தலைப்பு வாசகத்தை மூன்று மொழியிலும் வெட்டுங்கள், பெயர்களைத் தமிழில் மட்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு, பலகை எண்ணும் வரி எண்ணும் போட்ட ஆங்கிலப் பெயரடைவுப் புத்தகம் ஒன்று வாசலில் இருக்கட்டும். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் மயானங்களிலும் பெயர்ப் பதிவேட்டுக்கென்று சுவரில் சின்னப் பெட்டி இருக்கும்.

சுவரை மேற்குப் பக்கத்தில் வைத்து முகத்தைக் கிழக்கே திருப்புங்கள். தென்மேல் பருவக் காற்று உப்பையும் மழையையும் சுவரின் முதுகில்தான் அடிக்கும். பின்னேரத்தில் ஆட்கள் கூடும் நேரம் முகம் நிழலில் இருக்கும். மேற்கே பார்த்த கறுப்புக் கல்லில் மாலை நாலு மணிக்குக் கை வைக்க முடியாது.

உளிமுனை

கல் பற்றி. கறுப்புக் கிரனைட்டில் பெயர் தெரிவது ஆழத்தால் அல்ல. பொலிஷ் பண்ணிய முகம் கறுப்பு, உடைத்த இடம் வெளிர்சாம்பல், அந்த நிற வித்தியாசத்தால்தான் தெரிகிறது. வியட்நாம் சுவரில் எழுத்தின் ஆழம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை, ஆனாலும் வாசிக்கலாம். அந்தக் கல் பெங்களூர்ப் பக்கத்தில் இருந்து போனது. உள்ளூர்ச் சாம்பல் கருங்கல்லில் இந்த வித்தியாசம் கிடைக்காது. அதனால்தான் தங்க நிறப் பெயின்ற் நிரப்புகிறார்கள், கடற்காற்றில் அது இரண்டு மூன்று வருடத்தில் செதில் செதிலாகக் கழரும். பெயின்ற் தேவைப்படாத கல்லை எடுங்கள்.

கறுப்பு என்று விற்பதெல்லாம் கறுப்பு அல்ல. சாம்பல் கல்லுக்கு எண்ணெயோ சாயமோ ஏற்றிக் கறுப்பாக்கி விற்பார்கள். வெள்ளைத் துணியில் அசிற்றோன் நனைத்து அழுத்தித் துடையுங்கள். துணி கறுத்தால் அந்தக் கல் வேண்டாம். அதேபோல ஒரு துண்டை ஒரு வாரம் ஈரத்தில் போட்டு வையுங்கள், உள்ளே இரும்புத்தாது இருந்தால் பழுப்புப் புள்ளி எழும்பும். நடுகல் நாட்டுவதற்குத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது, முதற்படி ‘காட்சி’, தகுந்த கல்லைத் தேடிக் காண்பது. கடையில் உள்ளங்கையளவு மாதிரித் துண்டைப் பார்த்து ஓடர் கொடுப்பது காட்சி ஆகாது. எட்டுப் பலகையும் ஒரே பாளத்தில் அறுத்தவையா என்று களஞ்சியத்துக்குப் போய், அடுத்தடுத்து நிறுத்தி, தண்ணீர் தெளித்துப் பாருங்கள்.

இனி எழுத்து. பெரும்பாலும் வேலை கெடுவது இங்கேதான். சாண்ட் பிளாஸ்ட் என்றால் கல்லின்மேல் ஸ்டென்சில் ஒட்டி, எழுத்து வரும் பகுதியை உரித்துவிட்டு மணலை வேகமாக அடிப்பது. ஆங்கிலத்துக்குப் பழகிய முறை. தமிழில் இரண்டு தொல்லை. ‘ண’, ‘ழ’, ‘ஞ’, ‘ணை’ இவற்றின் சுழிக்குள்ளே இருக்கும் சின்ன ஸ்டென்சில் தீவு 3 மி.மீ.-க்குக் குறைந்தால் மணல் வேகத்தில் பறந்துவிடும். சுழி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் குழி நிற்கும். அடுத்தது புள்ளி. சின்னத் துவாரத்துக்குள் மணல் சரியாக இறங்காது, கோடு ஒன்றரை மி.மீ. ஆழம் போனால் புள்ளி அதில் பாதி. மழையில் பாசி படிந்ததும் முதலில் காணாமற்போவது அதுதான். ‘கண்ணன்’ என்ற பெயர் புள்ளி இல்லாமல் ‘கணணன’ என்று நிற்பதை நினைத்துப் பாருங்கள். புள்ளி 3.5 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. ஸ்டென்சில் எடுப்பதற்கு முன் புள்ளிகளை மட்டும் வைர முனையால் தனியாகத் துளைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள்.

எழுத்துருவும் சீரான தடிப்பாக, சுழி அகலமாக இருக்க வேண்டும். கலியாண அட்டைக்குப் போடும் மெல்லிசும் தடிப்புமாகப் போகிற எழுத்து கல்லுக்கு உதவாது. கோடு 2.5 மி.மீ. தடிப்பு.

கோப்பு அனுப்பும்போது கவனம். கடைகளில் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. நீங்கள் யூனிகோட்டில் அனுப்பினால் அவர்கள் கம்பியூட்டரில் ‘கொ’ மூன்றாகப் பிரியும், ‘ஸ்ரீ’ உடையும், சிலவேளை கால் இருக்கும் கொம்பு இருக்காது. எழுத்தை எழுத்தாக அனுப்பவே வேண்டாம். எல்லாவற்றையும் வளைகோடாக மாற்றிய கோப்பு ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்கப் பீடிஎஃப் ஒன்று. கடைக்காரர் ஒரு பெயரையும் தன் கையால் தட்டச்சு செய்யக் கூடாது என்று ஓடரிலேயே எழுதுங்கள்.

வரைபலகை

மிக்க நன்றி இருவருக்கும். ஆங்கிலத்தைப் புத்தகத்துக்கு மாற்றலாம் என்று குழுவிடம் சொல்லிப் பார்க்கிறேன். வரிசையை எப்படி வைப்பது? அகரவரிசை என்றால் தேட இலகு என்று நினைத்தோம். 57 பேரை என்ன செய்வது என்பதில்தான் பெரிய இழுபறி.

பெயரடைவு

அகரவரிசை தமிழ்ப் பெயருக்குப் பொருந்தாது. குடும்பப் பெயர் உள்ள மக்களுக்கு அகரவரிசை போட்டால் குடும்பம் தானாக ஒன்று சேரும். நம் பெயரில் முன்னால் நிற்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து. சொந்தப் பெயரால் அடுக்கினால் அண்ணன் முதற் பலகையில், தங்கை ஆறாம் பலகையில். முதலெழுத்தால் அடுக்கினாலும் தாய் வேறு எழுத்து, பிள்ளைகள் வேறு எழுத்து. ஒரே பங்கரில் போன வீட்டுக்காரர் சுவரெங்கும் சிதறிக் கிடப்பார்கள்.

திகதி வரிசையில் போடுங்கள், ஒரே நாளுக்குள் வீடு வீடாக. வியட்நாம் சுவர் அப்படித்தான், இறந்த நாள் வரிசை. அகரவரிசையாக மாற்றச் சொல்லி வந்த அழுத்தத்துக்கு மாயா லின் இணங்கவில்லை. ஒன்றாக இறந்தவர்கள் அடுத்தடுத்து நிற்கிறார்கள், தேடுகிறவருக்கு அடைவுப் புத்தகம் உதவுகிறது. நியூயோர்க்கின் 9/11 நினைவிடம் போர் நினைவிடம் அல்ல, ஆனால் இன்னும் ஒரு படி மேலே போனது. 2,983 பெயர்களை அடுக்கும்போது, இவருக்குப் பக்கத்தில் இவர் வேண்டும் என்று குடும்பங்களிடமிருந்து வந்த 1,200-க்கு மேற்பட்ட வேண்டுகோள்களை நிறைவேற்றினார்கள். 412 பெயருக்கு உங்களால் அதைக் கையாலேயே செய்யலாம். வீட்டுக்கு ஒரு படிவம், ‘யாருக்குப் பக்கத்தில்’ என்று ஒரு கேள்வி.

திகதி வரிசைக்கு ஒரு ஆபத்து உண்டு. பிறகு வரும் பெயர் நடுவில் நுழைய வேண்டும். ஆகவே மிச்ச இடத்தைக் கடைசிப் பலகையில் குவிக்காதீர்கள். 480 வரியில் 412 போக 68 மிச்சம், எட்டுப் பலகைக்கும் பிரித்தால் ஒவ்வொரு நிரலின் அடியிலும் நாலு வெற்று வரி. புதிய பெயர் தன் காலத்துக்குக் கிட்டவே வந்து சேரும். அடியில் இடம் விட்டிருப்பது பார்வைக்கும் குறையாகத் தெரியாது. ஜப்பானின் ஒக்கினாவாவில் 1995-இல் திறந்த ‘அமைதியின் மூலைக்கல்’ என்ற போர் நினைவிடத்தில் வருடாவருடம் பெயர் சேர்க்கிறார்கள். எந்த நாட்டவர், படையா பொதுமக்களா என்று பாராமல் 2,40,000-க்கு மேல் பெயர்கள், இன்னும் முடியவில்லை.

பதவி, பட்டம், இயக்கப் பெயர், ‘மாமனிதர்’ எதுவும் பெயரோடு வேண்டாம் என்பது என் கருத்து. பிரித்தானியப் போர்க் கல்லறைகளை எப்படி அமைப்பது என்று 1918-இல் ஃபிரெடெரிக் கென்யன் கொடுத்த அறிக்கையின் அடிப்படைக் கொள்கையே தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே கல் என்பது. 2 அடி 8 அங்குல உயரம், 1 அடி 3 அங்குல அகலம், 3 அங்குலத் தடிப்பு, எல்லோருக்கும். அப்போதும் பணக்காரக் குடும்பங்கள் எதிர்த்தன. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் உங்கள் 45 மி.மீ. வரி உடையும். ஒருவருக்கு இரண்டு வரி போனால் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று கேட்பார்.

படமும் அதேதான். 412 பேருக்கும் படம் கிடைக்காது. கிடைத்தவை அடையாள அட்டைப் படமும் கலியாண வீட்டில் வெட்டி எடுத்ததுமாக இருக்கும். படம் இல்லாதவர் வெற்றுச் சதுரமாக நிற்பார். படம் கட்டாயம் என்றால் மண்டபத்துக்குள் வையுங்கள். வெளியில் வைப்பதானால் சூளையில் சுட்ட போர்சிலின் படம் மட்டும். அச்சடித்து அக்ரிலிக்கில் ஒட்டியது மூன்று வெயிலுக்குத் தாங்காது, முதலில் சிவப்பு போய் முகம் நீலமாகும்.

காணாமல் ஆக்கப்பட்டோர் விடயம் வடிவமைப்பாளர் முடிவெடுக்கக் கூடியது அல்ல. பல தாய்மார் இறந்தோர் பட்டியலில் பெயர் போட ஒருபோதும் சம்மதிக்க மாட்டார்கள். மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று நின்றவர்களுக்காகத்தான் 2016-இல் ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ என்ற ஒன்றைச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். அந்த வித்தியாசம் கல்லிலும் தெரிய வேண்டும். வீட்டுக்கு வீடு போய்க் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள், வேண்டாம் என்றவரின் வரியை அவருக்கென்றே வெற்றாக வையுங்கள்.

சம்மதித்தவர்களுக்குக் குறி ஒன்று போடலாம். வியட்நாம் சுவரில் இறப்பு உறுதியானவருக்கு வைரக் குறி, காணாமற்போனவருக்குச் சிலுவைக் குறி. பிறகு உறுதியானால் சிலுவையின்மேல் வைரத்தை வெட்டுகிறார்கள், ஏற்கனவே இருப்பதை அழிக்க வேண்டியதில்லை. நமக்குச் சிலுவை சமயக் குறியாகிவிடும். பெயருக்கு முன்னால் 8 மி.மீ. வளையம் ஒன்று, நடு பொலிஷாகவே இருக்க. செய்தி உறுதியாகி, குடும்பமும் கேட்டால், நடுவைத் துளைத்து முழு வட்டமாக்கலாம். ஐந்து நிமிட வேலை, பலகையைக் கழற்றாமலே செய்யலாம். தலைப்பு வாசகத்தில் ‘உயிரிழந்த’ மட்டும் போடாமல் ‘உயிரிழந்த, காணாமல் ஆக்கப்பட்ட’ என்று இரண்டும் வர வேண்டும்.

தூக்குக்குண்டு

சீமெந்தில் ஒட்டும் கதைக்கு வருகிறேன். செய்யவே செய்யாதீர்கள். கொழும்பில் வருடத்துக்கு 2,400 மி.மீ. அளவில் மழை. கல்லுக்குப் பின்னால் போன தண்ணீர் சீமெந்துச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு பொருத்து வழியாக வெளியே வரும். கறுப்புக் கல்லில் வெள்ளைக் கண்ணீர்க் கோடு. பெயருக்கு மேலாலேயே வழியும். அமிலம் போட்டுத் துடைத்தால் பொலிஷ் போகும், அடுத்த மாரியில் கோடு திரும்ப வரும். அதோடு கல்லும் கொங்கிறீட்டும் வெயிலுக்கு ஒரே அளவாக நீளாது, இரண்டு மூன்று வருடத்தில் தட்டினால் ‘டொக்’ என்று வெற்றோசை கேட்கும் இடங்கள் வரும்.

பின்சுவர் 200 மி.மீ. கம்பி போட்ட கொங்கிறீட். கடற்கரைப் பகுதி என்பதால் கம்பிக்கு மேல் 50 மி.மீ. மூடல், இதில் மேசன் பாஸ் சொல்வதைக் கேட்டு 25-க்கு இறங்காதீர்கள். 7 மீற்றர் சுவருக்கு நடுவில் ஒரு விரிவுப் பொருத்து, அது இரண்டு பலகைக்கு இடையிலுள்ள கோட்டில் சரியாக வர வேண்டும். பலகைக்குக் குறுக்கே வந்தால் கல் வெடிக்கும். வெள்ளவத்தையில் பெரும்பாலும் மணல், அத்திவாரம் பெரிய சிக்கல் இல்லை. ஆனாலும் 2.1 மீற்றர் உயரத்தில் தனியாக நிற்கும் சுவர், ஆட்கள் சாய்வார்கள். அத்திவார அகலத்தை எஞ்சினியர் கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதே சுவரைக் கோட்டே பக்கச் சதுப்பு நிலத்தில் கட்டுவதானால் கதையே வேறு.

கல்லைத் தொங்கவிடுவது 316 தர ஸ்டெய்ன்லெஸ் தாங்கிகளில். 304 இந்தக் காற்றில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பாகும். பலகைக்கு நாலு ஊசி, கீழ் இரண்டும் பாரம் தாங்கும், மேல் இரண்டும் முன்னுக்கு விழாமல் பிடிக்கும். மேல் துவாரம் நீள்வட்டமாக இருந்தால்தான் கல் வெயிலில் நீள இடம் கிடைக்கும். 20 மி.மீ. கல் ஏன் கூடாது என்றால், 6 மி.மீ. ஊசிக்கு 8 மி.மீ. துவாரம், அது போக இருபக்கமும் 6 மி.மீ. மட்டும் மிச்சம். ஒரு பையன் சாய்ந்தால் அந்த உதடு பெயரும். 30 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 11. அதில் ஒரு பலகை ஏறக்குறைய 120 கிலோ, நாலு பேர் பிடிக்கலாம், கிரேன் வேண்டாம். கல்லுக்குப் பின்னால் 30 மி.மீ. காற்றிடைவெளி, பலகைகளுக்கு இடையே 6 மி.மீ. திறந்த பொருத்து, அடியில் தண்ணீர் வெளியேற வழி. சிலிக்கன் பூசி அடைக்கச் சொல்வார்கள், மலிவுச் சிலிக்கனின் எண்ணெய் கல்லுக்குள் இறங்கி ஓரமெல்லாம் ஈரமானதுபோல் நிரந்தரமாகக் கறுக்கும்.

மேல் மூடுகல் 40 மி.மீ. முன்னுக்கு நீட்டி, அடியில் தண்ணீர் கல்லில் வழியாமல் சொட்டி விழ 10 மி.மீ. சொட்டுக்கோடு வெட்டியிருக்க வேண்டும். இந்தக் கோட்டை மறந்த சுவரை அடுத்த மாரியிலேயே அடையாளம் காணலாம், மேல் மூன்று வரியும் பச்சையாக இருக்கும்.

மூலைமட்டத்தோடு ஓரிடத்தில் நான் உடன்படவில்லை. 60 பெயருக்கு ஒரு பலகை என்றால் ஓர் எழுத்துப் பிழைக்கு 59 பெயரையும் தூக்க வேண்டும். டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் ஒரு வீரருக்கு ஒரு கிரனைட் துண்டு. வடிவமைப்பு சென்னையின் வீபி டிசைன் லாப் நிறுவனத்து யோகேஷ் சந்திரஹாசனுடையது, உலகளாவிய போட்டியில் தெரிவானது. வட்டச் சுவரில் 25,000-க்கு மேல் பெயர். பிழைத்தால் ஒரு துண்டு, வந்தால் ஒரு துண்டு. உங்களுக்கும் 400-க்கு 75 மி.மீ. துண்டுகள் சரிவரும்.

மூலைமட்டம்

டெல்லிக்குச் சரி, அங்கே காவலும் பராமரிப்பு ஆட்களும் உண்டு. 75 மி.மீ. துண்டு என்றால் அதே பட்டையில் 30 அல்ல, 18 வரிதான். 412-க்கு 23 நிரல், பொருத்து இல்லாமலே 9.2 மீற்றர். காணியின் அகலம் 9. அதோடு நானூறு துண்டைச் சுற்றிய பொருத்தெல்லாம் பாசிக்கு வீடு. ஒரு துண்டைக் கழற்றிக்கொண்டு போவதும் லேசு.

பிழை பற்றிய பயம் நியாயமானது. அதற்குப் பலகையைத் துண்டாக்கத் தேவையில்லை. பிழைத்த வரியை மட்டும் 12 மி.மீ. ஆழத்துக்குக் குடைந்து, அதே பாளத்தின் துண்டைச் செருகலாம். கிட்டப் பார்த்தால் ஒரு மயிர்க்கோடு தெரியும். அதற்காக ஓடரின்போதே ஒரு வெற்றுப் பலகை கூடுதலாக வாங்கி மண்டபத்தில் வையுங்கள். பத்து வருடம் கழித்து அதே கறுப்புக் கிடைக்காது.

இன்னொன்று, முழுக் கண்ணாடிப் பொலிஷ் வேண்டுமா என்று யோசியுங்கள். வாஷிங்டனில் பெயருக்குள் பார்வையாளரின் முகமும் மரமும் வானமும் தெரியும். உங்கள் காணியில் தெரியப்போவது எதிர்ப்பக்க அடுக்குமாடியின் துணிக்கொடி. எதிரே 4 மீற்றராவது தள்ளி ஒரு மரவரிசை வைத்தால் அதுவே பின்னணியாகும். சுவரோடு ஒட்டி மரம் வேண்டாம், இலைக்கறையும் வேரும்.

உளிமுனை

துணிக்கொடிக்காகப் பொலிஷைக் குறைத்துவிடாதீர்கள், மங்கலாக்கினால் எழுத்தின் வித்தியாசமும் போய்விடும். மரம் வைப்பதுதான் சரி.

விளக்கு, பூ பற்றி யாரும் சொல்லவில்லை. மே மாதமும் நவம்பரும் வரும், சனம் சிட்டி விளக்கில் தேங்காயெண்ணெய் ஊற்றிச் சுவரடியில்தான் கொளுத்தும். வேண்டாம் என்று பலகை மாட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. எண்ணெய் ஊறிய கல்லைத் திரும்பப் பழையபடி ஆக்குவது பெரும்பாடு, கரி அடிவரிகளில் ஏறும், கர்ப்பூரத்தைக் கல்லோடு வைத்துக் கொளுத்தினால் சூட்டில் கல் செதில் விடும். ஆகவே இடம் ஒதுக்கிக் கொடுங்கள். சுவரில் இருந்து 600 மி.மீ. தள்ளி, நீளத்துக்கு ஒரு தொட்டி, 300 அகலம், 100 ஆழம், உள்ளே மணல், அடியில் வடிகால். சிட்டியும் மெழுகுதிரியும் அதில் நிற்கும், எண்ணெய் மணலுக்குள் போகும், வருடத்துக்கு இருமுறை மணலை மாற்றலாம். நடுவில் இரண்டு இடத்தில் 1.2 மீற்றர் இடைவெளி விடுங்கள், பெயரைத் தொட ஆள் கிட்டப் போக வேண்டும், சக்கர நாற்காலியும் போக வேண்டும். பூவுக்குப் பலகைகளின் அடியில் 150 மி.மீ. தட்டு, முன்னுக்குச் சரிவாக.

தூக்குக்குண்டு

ஒளி: நிலத்துக்குள் புதைக்கும் விளக்கு வேண்டாம், ஐப்பசி மழையில் கண்ணாடிக்குள் தண்ணீர் நிற்கும். மூடுகல்லின் அடியில் எல்ஈடி பட்டி. மேலிருந்து உரசி விழும் ஒளியில் எழுத்தின் நிழல் பகலில் விழும் பக்கமே விழும். கீழிருந்து அடித்தால் நிழல் தலைகீழாகி, வெட்டிய எழுத்து புடைத்ததுபோல் தெரியும்.

கழுவுதல்: வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர், உப்பு போக. மாதத்துக்கு ஒருமுறை மென்மையான நைலோன் தூரிகை, சாதாரணச் சோப்பு. பிளீச், அமிலம், பிரஷர் வொஷர் மூன்றும் கூடாது.

வடக்குவாசல்

கொழும்பு மாநகர சபையின் அனுமதி முதலில். மண்டபக் காணி, பின்பக்கம் என்று விட்டுவிடாதீர்கள். கரையோர வலயம் உயர்நீர் மட்டத்தில் இருந்து உள்நோக்கி 300 மீற்றர், நீங்கள் 400 என்கிறீர்கள், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படாது. ஆனால் நிலஅளவைப் படத்தில் அளந்து உறுதிப்படுத்துங்கள், காலடியால் அளந்த 400 ஆக இருக்கக் கூடாது. தலைப்பு வாசகம் மூன்று மொழியிலும் வரைபடத்திலேயே இருக்கட்டும். யாழ். பல்கலைக்கழகத்து நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடித்ததும், மூன்றாம் நாள் திரும்ப அடிக்கல் வைத்ததும் எல்லோருக்கும் தெரியும். முத்திரை குத்திய வரைபடம் சங்கத்தின் கையில் இருப்பது நல்லது.

வரைபலகை

தூண் பேச்சு நேற்றுக் கூட்டத்தோடு முடிந்தது. கிழக்கு முகம், எட்டுப் பலகை, தமிழ் மட்டும், மணல் தொட்டி, வளையக் குறி எல்லாம் சரி. ஒரே ஒரு கேள்வி மிச்சம். பெயர்ப் பிழையை வெட்ட முன்னமே எப்படிப் பிடிப்பது? பட்டியலை மூன்று பேர் பார்த்துவிட்டார்கள், மூன்று பேரும் வேறு வேறாகத் திருத்தியிருக்கிறார்கள். ‘இராசையா’வா ‘ராசையா’வா என்பதிலேயே ஒரு மணித்தியாலம்.

பெயரடைவு

மூன்று பேர் பார்த்துச் சரிவராது, அந்தந்த வீட்டார் பார்க்க வேண்டும். எட்டுப் பலகையையும் 1:1 அளவில் தாளில் அச்சடித்து மண்டபச் சுவரில், கல் வரப்போகும் அதே உயரத்தில் ஒட்டுங்கள். ஒரு மாதம் இருக்கட்டும். பக்கத்தில் சிவப்புப் பேனை ஒன்றும் கையொப்பப் புத்தகம் ஒன்றும். ‘இராசையா’வா ‘ராசையா’வா என்பதை அந்த வீடு எப்படி எழுதுகிறதோ அப்படியே விடுங்கள், இலக்கணம் பார்க்காதீர்கள். கொழும்புக்கு வர முடியாதவர்களுக்கு அவர்களுடைய வரியை மட்டும் படமெடுத்து வைபரில் அனுப்பி, ‘சரி’ என்ற பதிலைச் சேமித்து வையுங்கள். கையொப்பம் இல்லாத வரிக்கு ஸ்டென்சில் வெட்டக் கூடாது, அது எத்தனை மாதம் போனாலும்.

உளிமுனை

அதற்குப் பிறகு ஸ்டென்சில் ஒட்டி, மணல் அடிக்க முன்னம் இன்னொரு பார்வை. கடையில் வெளிச்சத்தை அணைத்து, டோர்ச்சைக் கல்லோடு சேர்த்துப் பக்கவாட்டில் பிடியுங்கள். உரித்த இடம் பள்ளமாகத் தெரியும். ஒருவர் பட்டியலைக் கடைசியிலிருந்து வாசிக்க, மற்றவர் கல்லில் விரல் வைத்து வர வேண்டும். முதலிலிருந்து வாசித்தால் மனம் தானாக நிரப்பிவிடும், புள்ளி விட்டுப்போனது தெரியாது.

வரைபலகை

தாள் அச்சுக்கு நாளைக்கே கொடுக்கிறேன். 45 மி.மீ. வரி, எட்டுத் தாள்.